ஏழாவது அறிவுறுத்தல்

மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்ற சுவரொட்டி, கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து பிற்பகல் நாலு நாற்பதுக்கு வந்தது. ஐந்து மணிக்குள் தமிழில் வேண்டும் என்று மேலே சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆழமாக மூச்சு விடுங்கள் என்பது முதல் ஆலோசனை. அதைத் தமிழாக்கும்போது நான் மூச்சு விட்டேனா என்பது நினைவில்லை. நாலு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பிவிட்டேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வரவில்லை.

நான் வேலை செய்யும் கம்பனிக்கு ஊவா மாகாணத்தில் பதினொரு தேயிலைத் தோட்டங்கள். பதுளை நகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், அதன் பிராந்திய அலுவலகம். அங்கே ஒன்பது வருடங்களாக நான் மொழிபெயர்ப்பு உதவியாளர். ஆங்கிலத்தில் வருவதைத் தமிழாக்கித் தோட்டங்களுக்கு அனுப்புவது என் வேலை. அதற்கு முன் ஆறு வருடம் ஒரு நாளிதழுக்குப் பதுளைச் செய்தியாளராக இருந்தேன். மாதச் சம்பளம் வேண்டும் என்று இங்கே வந்தேன். சம்பளம் மாதாமாதம் சரியாக வந்தது. குறை அதில் இல்லை.

கம்பனிக்கு ஒரு காலாண்டுச் சஞ்சிகை உண்டு. வழுவழுப்பான தாள், கடைசி இரண்டு பக்கம் தமிழ். ஒரு முறை அந்த இரண்டு பக்கமும் முழுக்க முழுக்கச் சின்னச் சின்னச் சதுரப் பெட்டிகளாக அச்சாகி வந்தது. எழுத்துரு பொருந்தவில்லை. யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. அடுத்த இதழும் பெட்டி. நானே கொழும்புக்கு எழுதினேன். வடிவமைப்பாளர் உடனே பதில் போட்டார்: "பக்கம் மிகவும் துப்புரவாக இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள்."

அந்த வருடம் மூன்றாவது தடவையாக உத்தியோகத்தர் தரத்துக்கு விண்ணப்பித்தேன். உதவியாளருக்கும் உத்தியோகத்தருக்கும் சம்பளத்தில் அதிக வித்தியாசமில்லை. ஆனால் உத்தியோகத்தர்களைக் கூட்டங்களுக்குக் கூப்பிடுவார்கள்; அவர்கள் எழுதியதில் அவர்கள் பெயர் இருக்கும். மூன்று வரியில் பதில் வந்தது. என் வேலை வெறும் மொழிபெயர்ப்பு, அளவிடக்கூடிய பயன் எதுவும் காணப்படவில்லை, ஆர்வத்துக்கு நன்றி.

வீட்டில் அம்மாவுக்கு அதை வாசித்துச் சொன்னேன். அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். இப்போது ஹாலிஎலவில் என்னோடு இருக்கிறார்.

"அப்ப ஒம்பது வருசமா நீ ஒண்ணும் செய்யலன்னு எழுதியிருக்காங்களா?"

"அப்படி இல்லம்மா. செஞ்சதால ஒண்ணும் நடக்கலன்னு."

"ரெண்டும் ஒண்ணுதானே. நாங்கெல்லாம் பறிச்சத தராசுல போட்டு நிறுத்தாங்க. ஒனக்கு அதுகூட இல்ல."

அன்றிலிருந்து எனக்கு ஒரு தராசு தேவைப்பட்டது.

ஐப்பசி மழைக்கு முன் தோட்டங்களுக்குப் பாதுகாப்பு அறிவித்தல் போவது வழக்கம். ஆறு அறிவுறுத்தல்கள். மின்னலின்போது மரத்தடியில் நிற்க வேண்டாம், வழுக்கும் படியில் கூட்டமாக இறங்க வேண்டாம் என்ற வகை. ஆறாவது, சந்தேகம் இருந்தால் மேற்பார்வையாளரை அணுகவும் என்பது. தமிழில் தட்டச்சு செய்து முடித்தேன். பிறகு ஏழு என்று இலக்கம் போட்டு இப்படி எழுதினேன்: "மழைக்காலம் முடியும் வரை தினமும் காலை பத்து மணிக்கு, வேலை செய்யும் மலையிலேயே, அனைவருக்கும் சூடான இஞ்சித் தேநீர் வழங்கப்படும்."

யாராவது வாசிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அலுவலகத்தில் யாராவது கண்டுபிடித்தால் தவறு என்று சொல்லி எடுத்துவிடலாம். தோட்டத்தில் யாராவது கண்டுபிடித்தால் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வரும். இரண்டில் எது நடந்தாலும் எனக்கு இலாபம். ஒன்றும் நடக்காவிட்டால், அந்த மூன்று வரிக் கடிதம் உண்மை என்று ஒப்புக்கொள்ளலாம்.

பிராந்தியப் பணிப்பாளருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நான் மஞ்சள் துண்டு ஒட்டி வைப்பேன். அவர் மஞ்சள் துண்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அன்றும் போட்டார். சீல் குத்தி, பதினொரு பிரதிகள் பதினொரு தோட்டங்களுக்குப் போயின.

மூன்று நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாள், பசறைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து பொருள் கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தது. தண்ணீர் கொதிக்கவைக்கும் பெரிய கேத்தல் மூன்று. இஞ்சி, வாரத்துக்குப் பதினைந்து கிலோ. எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் அதைப் பணிப்பாளருக்கு அனுப்பி, கீழே ஒரு கேள்வியும் எழுதியிருந்தார். இஞ்சி உர வகையில் சேருமா, கருவி வகையில் சேருமா?

மற்றப் பத்துத் தோட்டங்களில் என்ன நடந்தது என்று பிற்பாடு விசாரித்தேன். ஏழில் அறிவித்தலைப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அதன் மேல் கோயில் கூட்டத்துக்கான அறிவித்தலையும் ஒட்டிவிட்டார்கள். இரண்டில் ஒட்டவே இல்லை. ஒன்றில் கங்காணி உரக்க வாசித்திருக்கிறார். ஐந்தாவதை வாசிக்கும்போது மழை வந்து எல்லோரும் கலைந்துவிட்டார்கள். பசறைத் தோட்டத்தில் மட்டும் பெரிய கிளாக்கர், அதாவது தோட்ட அலுவலகத்தின் தலைமை எழுதுவினைஞர், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டில் நின்று, முதல் எழுத்திலிருந்து சீல் வரை வாசித்திருக்கிறார். மறுநாளே தேநீரும் கொடுத்திருக்கிறார். கையெழுத்தும் சீலும் உள்ள கடிதத்தை நிறைவேற்றாமல் விட்டதாக அவருடைய முப்பது வருட சேவையில் ஒரு குறிப்பும் கிடையாது.

பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். இந்த உரையாடல் ஆங்கிலத்தில் நடந்தது. தமிழில் தருகிறேன், என் தொழில் அது.

"இந்தத் தேநீர் விஷயம் என்ன?"

"அறிவித்தலில் ஏழாவதாக இருக்கிறது, சேர்."

"ஆங்கிலத்தில் ஆறுதான் இருக்கிறது."

"ஆமாம், சேர்."

"அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?"

அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் என் வேலைக்குப் பயன் இருக்கிறது என்பது நிரூபணமாகும், வேலைதான் இருக்காது. நான் தமிழ்ப் பிரதியை அவர் முன் வைத்தேன். "உங்கள் கையெழுத்து இருக்கிறது, சேர்," என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

அவர் தன் கையெழுத்தைப் பார்த்தார். அவர் முட்டாள் அல்ல. மொழிபெயர்ப்பாளர் சேர்த்தது என்று அவர் கொழும்புக்கு எழுதினால், நீங்கள் வாசிக்காமலா கையெழுத்து வைத்தீர்கள் என்று திருப்பிக் கேட்பார்கள். நான் யோசித்த அதே வழியில் அவரும் யோசித்து, நான் நின்ற அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

"நாளைக் காலை நீயே போ. ஏழாவது இரத்து என்று பெரட்டில் வாசி."

"கடிதம் அடிக்கட்டுமா, சேர்?"

"அடி."

அடித்துக்கொண்டு போனேன். மஞ்சள் துண்டும் ஒட்டியிருந்தேன். அவர் பேனாவை எடுத்தார், மூடினார், சட்டைப் பையில் வைத்தார். "கையெழுத்து தேவையில்லை. வாய்மொழியாகச் சொன்னால் போதும்," என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பசறைக்குப் போய், அங்கிருந்து ஓட்டோவில் ஏறினேன். ஆறரைக்குப் பெரட்டுக் களத்தில் நின்றேன். பனி இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. பெண்கள் ஈரம் படாமல் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கூடையோடு நின்றார்கள். பெரிய கிளாக்கர் மெலிந்த மனிதர். கம்பளிச் சட்டைக்கு மேலே கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். நான் நீட்டிய தாளை வாங்கவில்லை. "நீங்களே வாசிங்க மிஸ். ஒங்க ஒப்பீஸ் கடுதாசி," என்றார்.

வாசித்தேன். மழைக்காலப் பாதுகாப்பு அறிவித்தலின் ஏழாம் பிரிவு இன்று முதல் இரத்துச் செய்யப்படுகிறது. ஏனைய பிரிவுகள் தொடர்ந்தும் நடைமுறையில் இருக்கும்.

முன்வரிசையில் ஒரு பெண், அறுபதை நெருங்குபவர், முன்பற்கள் இரண்டு இல்லாதவர், கையைத் தூக்கினார். தோட்ட மாதர் சங்கத்தின் தலைவி என்று பிறகு தெரிந்தது.

"ஏழாவதுன்னா எது மிஸ்?"

"தேத்தண்ணி."

"அடியாத்தி! அப்ப இடி மின்னல நிறுத்தலையா?"

"இல்ல."

"தேத்தண்ணிய நிறுத்திட்டு இடிய வச்சிக்கிட்டாங்களாம்டி!"

களம் முழுக்கச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். சிரிப்பு அடங்கியதும், பின்னாலிருந்து வேறொரு பெண் சிரிக்காமல் பேசினார்.

"நாங்க யாராச்சும் தேத்தண்ணி கேட்டமா மிஸ்? கேக்கலயே. நீங்களாத்தானே குடுத்தீங்க. குடுத்துட்டுப் புடுங்குறதுக்கு, குடுக்காமலே இருந்திருக்கலாம்."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. எழுதும்போது நான் என்னைப் பற்றி மட்டுமே நினைத்திருந்தேன். நான் இரண்டாம் மாடியிலிருந்து ஒரு தராசைத் தேடினேன். இவர்கள் மூன்று நாளாக ஒரு கோப்பையைக் கையில் பிடித்திருந்தார்கள். அதை வாங்கிப் போக நானே பஸ் ஏறி வந்திருக்கிறேன். செய்தியாளராக இருந்தால் இப்படியான ஆளைப் பற்றி நான் நல்லதாக எழுதியிருக்க மாட்டேன்.

தலைவி என் கையிலிருந்த தாளை நோக்கிக் கழுத்தை நீட்டினார்.

"அதுல கையெழுத்து எங்க மிஸ்?"

அந்தக் கேள்வி வரலாம் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போது, வரக்கூடாது என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை.

"கையெழுத்து இல்ல."

"சீலு?"

"அதுவும் இல்ல."

"அப்ப இது என்னா, கல்யாணப் பத்திரிகையா?"

பக்கத்தில் நின்ற கங்காணி தொண்டையைச் செருமினார். "போன மாசம் நானு லீவுக்கு எழுதிக் குடுத்தேன். அவசரத்துல கையெழுத்து வைக்க மறந்துட்டேன். கிளாக்கரையா திருப்பி அனுப்பிட்டாரு. ரெண்டு நாள் பிந்தித்தான் ஊருக்குப் போனேன்."

"எம் மகளுக்குப் பேறு காலச் சீட்டுல சீலு மங்கிக் கெடக்குன்னு திருப்பிவிட்டாரு," என்றார் இன்னொருவர். "புள்ள பொறந்தே போச்சு."

எல்லோரும் பெரிய கிளாக்கரைப் பார்த்தார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப்பட்டியின் நுனியால் துடைத்து, மறுபடி போட்டார். இப்போது தாளை வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்றார். "கையெழுத்து இல்லாத கடுதாசிய நான் பலகைல ஒட்ட ஏலாது மிஸ். கையெழுத்துள்ள கடுதாசி ஒண்ணு ஏற்கனவே ஒட்டியிருக்கு. அத மீற எனக்கு அதிகாரம் இல்ல. சேர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க, அன்னைக்கே நிறுத்திடுறேன்."

அவர் நையாண்டி செய்கிறாரா என்று உற்றுப் பார்த்தேன். இல்லை. அவர் முழு மனதோடு சொன்னார். அவருடைய பிடிவாதத்தால் வருடக்கணக்கில் அலைந்த பெண்கள், முதல் தடவையாக அவரைப் பெருமையோடு பார்த்தார்கள்.

என்னை உடனே திருப்பி அனுப்பவில்லை. பத்து மணி வரை இருந்து குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். பத்துக்குக் கொழுந்து பறிக்கும் மலைப் பாதையில், பிள்ளைகளைப் பராமரிக்கும் பிள்ளை மடுவத்து அடுப்பில் காய்ச்சிய தேநீர், கடன் வாங்கிய இரண்டு கேத்தல்களில் வந்தது. கையிலிருந்து கொழுந்தின் சாயமும் ஈரமும் போகப் படங்கில் துடைத்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். எனக்கும் ஒரு கோப்பை. இஞ்சிக் காரம் மூக்கில் ஏறியது. சீனி துளியும் இல்லை.

"சீனி போடலையா?" என்றேன்.

"கிளாக்கரையாகிட்ட கேளுங்க."

அவர் குடை பிடித்துக்கொண்டு மேற்பார்வை செய்தார். "அறிவித்தல்ல சீனின்னு போடல மிஸ்," என்றார். "சூடு, இஞ்சி, தேநீர். மூணும் இருக்கு."

தலைவி என் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். "எழுதுனவ சீனிய மறந்துட்டா."

"எழுதினவளா?" என்றேன். "பணிப்பாளர் எழுதினது."

"தொரைங்க எழுதுனா காலைல ஏழு மணின்னு எழுதுவாங்க. அவங்களுக்கு அப்பதான் குளிரும். பத்து மணிக்குத்தான் வெரலு மரத்து, கொழுந்து எது முத்தல் எதுன்னு தெரியாமப் போவும். அது இந்த மலைல நின்னவளுக்குத்தான் தெரியும்."

"நின்னவ பெத்த புள்ளைக்கும் தெரியும்," என்றார் முன்பு சிரிக்காமல் பேசிய பெண். என்னைப் பார்க்காமல் கோப்பையைப் பார்த்துச் சொன்னார்.

நான் பையைத் திறந்தேன், எதையோ தேடுவதுபோல. பிறகு மூடினேன்.

"யாரா இருந்தா என்னா," என்றார் தலைவி. "ஒனக்குத் தெரிஞ்சவளா இருந்தா சீனிய ஞாபகப்படுத்து புள்ள." காலையிலிருந்து மிஸ் என்று கூப்பிட்டவர், ஒரு கோப்பை முடிவதற்குள் புள்ள என்றார்.

அன்று மாலை பணிப்பாளரிடம் நடந்ததைச் சொன்னேன். கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றேன். அவர் பேனாவை எடுக்கவில்லை. "பார்ப்போம்," என்றார். அந்தச் சொல் எங்கள் அலுவலகத்தில் குறைந்தது ஒரு மாதம் தாங்கும்.

ஒரு மாதம் தேவைப்படவில்லை. தோட்டத்தில் யாரோ கைபேசியில் எடுத்த படம் ஒன்று வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றியது. பனி, பச்சை, கோப்பையிலிருந்து எழும் ஆவி, பொக்கைவாய்ச் சிரிப்பு. அது எப்படியோ கொழும்புக்குப் போய், அங்கே ஒரு பெரிய அதிகாரி கண்ணில் பட்டது. வெளிநாட்டுக் கொள்வனவாளர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல படம் கிடைக்காதாம். அவர் பணிப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தபோது நான் கோப்போடு வாசலில் நின்றேன்.

"ஆமாம், சேர்... சின்ன விஷயந்தான், சேர்... நெடுநாளாக என் மனதில் இருந்தது, சேர்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் பார்த்தேன்.

பதினொரு தோட்டங்களுக்கும் தேநீர் வந்தது. அந்த அறிவித்தலைத் தமிழாக்கியதும் நான்தான். ஆங்கிலத்தில் தேநீர் என்று மட்டும் இருந்தது. சீனியுடன் என்று நான் சேர்த்தேன். இந்தத் தடவை முன்கூட்டியே அவரிடம் கேட்டுவிட்டேன். "இனி என்ன, போடு," என்றார். சஞ்சிகையில் பணிப்பாளரின் தூரநோக்குப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்தது. அதையும் தமிழாக்கினேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அதைவிடக் கடினமான வேலையை ஒன்பது வருடத்தில் நான் செய்ததில்லை.

அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "நல்லா செஞ்ச," என்பார் என்று எதிர்பார்த்தேன். "வேலை போயிருந்தா என்னாடி பண்ணியிருப்ப?" என்று திட்டிவிட்டு, அன்றைக்கு இரண்டு முட்டை பொரித்தார்.

விஷயம் அங்கே முடியவில்லை. தமிழ் அறிவித்தல் ஒன்று கேத்தல் வாங்கவைக்கும் என்று தலைமை அலுவலகம் அப்போதுதான் கண்டுகொண்டது. கண்டுகொண்டதும் பயந்தது. மனிதவளப் பிரிவிலிருந்து புதிய விதி வந்தது. இனிமேல் எந்தத் தமிழ் அறிவித்தலையும், கையெழுத்துக்குப் போகுமுன், தமிழ் நன்கு தெரிந்த இன்னொருவர் சரிபார்த்து ஒப்பமிட வேண்டும். அவர் மொழிபெயர்ப்பாளரை விட ஒரு தரம் மேலானவராக, அதாவது உத்தியோகத்தராக, இருக்க வேண்டும்.

பணிப்பாளர் ஆள் தேடினார். எங்கள் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. சாரதி, களஞ்சியப் பொறுப்பாளர், வரவேற்பு மேசைப் பெண், துப்புரவு செய்யும் பெண்மணி, நான். உத்தியோகத்தர் தரத்தில் ஒருவரும் இல்லை. பக்கத்துப் பிராந்தியத்தில் கேட்டார். அங்கேயும் இல்லை. கொழும்பில் ஒருவர் இருந்தார்; அவர் முந்தைய மாதம் கனடா போய்விட்டார். மூன்று வாரத்தில் பதினேழு அறிவித்தல்கள் தேங்கிவிட்டன.

ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டுக் கடிதம் கொடுத்தார். உத்தியோகத்தர், தமிழ் ஆவணச் சரிபார்ப்பு. கையெழுத்தும் சீலும் தெளிவாக இருந்தன. இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"அப்படியானால் மொழிபெயர்ப்பு உதவியாளர், சேர்?"

"அந்த இடம் வெற்றிடம். புதிய ஆள் வரும்வரை நீயே பார்த்துக்கொள்."

புதிய ஆள் இன்னும் வரவில்லை. காலையில் நான் மொழிபெயர்க்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே கதிரையில் உட்கார்ந்து சரிபார்க்கிறேன். படிவத்தின் அடியில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் நீல மையிலும் மற்றதில் கறுப்பு மையிலும் ஒப்பமிடுகிறேன். கணக்காய்வுக்கு வந்தவர்கள் இரண்டையும் பார்த்து, இருவருக்கும் கையெழுத்து ஒன்றுபோல இருக்கிறதே என்றுகூடக் கேட்கவில்லை.

சரிபார்ப்பு உத்தியோகத்தர் கொஞ்சம் கறாரானவர். போன மாதம் குளவிக் கொட்டு பற்றிய அறிவித்தல் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். குளவி கலைந்தால் அமைதியாக விலகிச் செல்லவும் என்று ஆங்கிலத்தில் இருந்ததை மொழிபெயர்ப்பாளர் அப்படியே எழுதியிருந்தார். உத்தியோகத்தர் ஓரத்தில் கறுப்பு மையில் குறிப்பெழுதினார்: "மலையில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. கூடையைப் போட்டுவிட்டு ஓடவும் என்று திருத்துக. மற்றபடி நன்றாக இருக்கிறது."

கோப்பில் போடுமுன் அதை இரண்டு தடவை வாசித்தேன். அந்த அலுவலகத்தில் என் வேலையைப் பற்றி யாரும் வாசித்துவிட்டு எழுதிய முதல் குறிப்பு அது.